மூக்காயி கேட்ட வடை

கோடம்பாக்கத்தில் நான் பேசாத வாய் இல்லை. கதாநாயகி, கதாநாயகியின் தங்கை, அந்தத் தங்கைக்கு வாய்த்த மாமியார், வானத்திலிருந்து வரும் அசரீரி, லிஃப்டுக்குள் "கதவு மூடுகிறது" என்று எச்சரிக்கும் பெண்மணி, எல்லாம் நான்தான். மும்பையிலிருந்து வரும் பெண்கள் வாயை அசைத்துவிட்டு விமானம் ஏறிப் போய்விடுவார்கள். அவர்களுக்காக அழுவது நான். என் பெயர் மனோரஞ்சிதம். படம் முடிந்து அது திரையில் வரும் நேரத்தில் ஜனங்கள் சீட்டுக்கு அடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே கௌசிக் என்கிற பையன் வந்து, "மேடம், நீங்க ஒரு யானைக்கு வாய்ஸ் குடுக்கணும்" என்றபோது நான் அசரவில்லை.

"கார்ட்டூனா?"

"இல்ல மேடம். நிஜ யானை. காட்டு யானை."

"நிஜ யானைக்குத்தான் சொந்தக் குரல் இருக்கே தம்பி. எனக்கு எதுக்குக் கூலி?"

அவன் உட்கார்ந்து விளக்கினான். யானைகள் நம் காதுக்கு எட்டாத அடிக்குரலில் ஓயாமல் பேசிக்கொள்கின்றனவாம். முகாம் யானைகளின் அந்த உறுமலை வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, எந்த உறுமலுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டுவிட்டதாம். அதை ஒரு பட்டையில் வைத்துக் காட்டு யானையின் கழுத்தில் மாட்டுவார்கள். யானை உறுமும்; பட்டை அதைத் தமிழில் சொல்லும்.

"ஊருக்குள்ள யானை வருதுன்னா அதுவே சொல்லிடும் மேடம். எத்தனை உயிர் மிச்சம்! ஆனா மெஷின் குரல்ல சொன்னா யாரும் மதிக்க மாட்டாங்க. உங்க குரல்னா அழுதுடுவாங்க."

இப்படி ஒருத்தன் புகழ்ந்தால் நான் எதற்கும் சம்மதித்துவிடுவேன். அது எனக்கே தெரியும்.

கோடம்பாக்கத்துச் சின்ன ஸ்டூடியோ ஒன்றில் ஒவ்வொரு சொல்லாகப் பதிவு செய்தோம். மதியச் சாப்பாடு இல்லை, கேன்டீனை மூடிவிட்டிருந்தார்கள். "தண்ணீர்" என்றேன், "குட்டி" என்றேன், "புலி" என்றேன். "வாடை" என்று வந்தபோது கௌசிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "மூக்கைச் சுளிச்சுக்கிட்டு சொல்லுங்க மேடம், கெட்ட வாடை" என்றான். நான் "வாஆடை" என்றேன். பதிவு செய்கிற பையனே மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"சூப்பர் மேடம். ஆனா ஏன் எல்லாத்தையும் இப்படி இழுக்கறீங்க? பேட்டரி குடிக்கும்."

"இழுக்கலை தம்பி. நெடில்."

"நெடில்னா?"

நான் ஹெட்போனைக் கழற்றினேன். "பள்ளிக்கூடத்துல என்னதான்டா படிச்சே?"

"பிரெஞ்சு, மேடம். தமிழ் எடுத்தா மார்க் போடமாட்டாங்கன்னு அப்பா சொன்னார்."

இப்படித்தான் நம் ஊரில் பாதிப் பிள்ளைகள் பிரான்ஸைக் கண்ணால் பார்க்காமலே பிரெஞ்சுக்காரர்களாகிறார்கள். நான் சிரித்துவிட்டு வேலையை முடித்துக் கொடுத்தேன். அத்தோடு அதை மறந்தும் போனேன்.

கோடை வந்தது. ஒருநாள் காலை பால் வாங்கப் போனால் பால்காரரின் போனிலிருந்து நான் பேசினேன். "பசி. வடை. பொ." கூடவே தவில் வாசிப்பு. கடையில் நின்ற எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சத்தியமங்கலம் பக்கம் குறும்பள்ளம் அணை என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு காட்டு யானைக்கு அந்தப் பட்டையை மாட்டியிருந்தார்கள். நீளமான துதிக்கை என்பதால் வனத்துறைக்காரர்கள் அவளுக்கு மூக்காயி என்று பெயர் வைத்திருந்தார்கள். கூட்டத்தின் தலைவி அவள். அணைக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு எதிரே வந்து நின்று அவள் சொன்ன முதல் வார்த்தைகள் இவை. பார்த்தவர் யாரோ படம் பிடித்துப் போட்டுவிட்டார்.

அவ்வளவுதான், தமிழ்நாடு கிறுக்குப் பிடித்து ஆடியது. யானை வடை கேட்கிறது! அதுவும் மழலையில் கேட்கிறது! தொலைக்காட்சியில் மெதுவடையா, மசால்வடையா என்று விவாதம் நடத்தினார்கள். "பொ" என்றால் என்ன என்பதற்குத் தனி விவாதம். வடைக்குப் பக்கத்தில் வருவதால் அது பொங்கலாகத்தான் இருக்கவேண்டும், வாய் நிறைய எச்சில் ஊறியதால் முழுசாகச் சொல்ல முடியவில்லை என்று ஒரு பேராசிரியர் நிரூபித்தார். நடிகர்களின் ரசிகர் மன்றங்கள் லாரியில் வடை அனுப்பின. மேலிடத்திலிருந்து வனத்துறைக்கு உத்தரவு போயிற்று: யானை கேட்டதைக் கொடுங்கள். சுற்றுலாப் பயணிகள் பார்க்க வசதியாக அணைக்கரையிலேயே கொடுங்கள்.

எனக்கா? முதல் தடவையாக என் முகத்தைப் பேப்பரில் போட்டார்கள். கல்யாண வீடுகளில் பந்தி நடுவே மைக்கைக் கொடுத்து, "ஒரே ஒரு தடவை மேடம்" என்பார்கள். நானும் "பசி, வடை" என்பேன். இலையில் உட்கார்ந்தவர்கள் கைதட்டுவார்கள். இத்தனை கதாநாயகிகளுக்காக உயிரைக் கொடுத்து அழுததற்குக் கிடைக்காத கைதட்டல் அது. நான் தலைகால் புரியாமல் திரிந்தேன் என்பதே உண்மை.

குறும்பள்ளத்தில் வடைத் திருவிழா என்று அறிவித்து, என்னைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். கௌசிக் கூடவே வந்தான், அவனுக்கும் மாலை உண்டு என்று.

பயணியர் விடுதி வாசலில் மாலையோடு ஒருவரும் நிற்கவில்லை. ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நீங்கதான் வடையா?" என்றாள்.

"நான் மனோரஞ்சிதம்."

"நான் ஜெசிந்தா. இங்க கால்நடை டாக்டர். உங்க குரல் என் யானைகளைக் கொன்னுட்டு இருக்குது, தெரியுமா?"

பக்கத்தில் நின்ற ரேஞ்சர் துரைக்கண்ணு சங்கடத்தோடு தொப்பியைத் திருகினார். "டாக்டரம்மா, விருந்தாளிங்க..."

"விருந்தாளி தெரிஞ்சுக்கட்டும் சார்." ஜெசிந்தா என் பக்கம் திரும்பினாள். "மூக்காயியோட தங்கச்சி போயிட்டா. அப்புறம் மூத்த மக. கால் தள்ளாடும், வட்டம் சுத்தும், நுரை தள்ளி விழும். இப்ப மூக்காயியோட சின்னக் குட்டிக்கும் காலையிலிருந்து நடை சரியில்லை. வடையை நிறுத்துங்கன்னு எழுதினேன். எண்ணெய் சரியில்லைன்னு புரிஞ்சுக்கிட்டு நல்ல எண்ணெய்க்கு டெண்டர் விட்டுட்டாங்க. வெறும் எண்ணெயில இப்படி வராது. என்ன விஷம்னு தெரியல. லேபுக்கு அனுப்பி நாளாச்சு, பதில் இல்லை."

என் பட்டுப்புடவை சட்டென்று கனத்தது. இந்தச் செய்தி எதுவும் தவில் வாசிப்போடு வரவில்லையே.

"ஒரு அதிசயம் சொல்லட்டுங்களாம்மா?" என்றார் துரைக்கண்ணு. "கேட்டவ மூக்காயி. ஆனா இன்னிக்கு வரைக்கும் அவ ஒரு வடையைத் தொட்டதில்லீங்க. மத்ததுங்கதான் தின்னுதுங்க. இவ தள்ளி நின்னுக்கிட்டு, பசி, வடைன்னு கத்திக்கிட்டே இருக்கா. பசிக்குதுன்னா தின்ன வேண்டியதுதானுங்களே?"

அணைக்கரையில் பந்தல், தோரணம், ஒலிபெருக்கி. பெரிய பெரிய பிரம்புக் கூடைகளில் வடை மலைபோல் குவிந்திருந்தது. தடுப்புக் கயிற்றுக்குப் பின்னால் கூட்டம் குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. கரையின் மறுகோடி மரங்களுக்குள்ளிருந்து யானைகள் வந்தன. மூக்காயி முன்னால் வந்தாள். சேற்றுக் குளியலில் பட்டையெல்லாம் காய்ந்த சேறு. அவள் காலை ஒட்டியபடி குட்டி வந்தது. அது இரண்டடி நடந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தது. கூட்டம் அதை விளையாட்டென்று நினைத்துச் சிரித்தது.

மூக்காயி நின்றாள். எங்களைப் பார்த்தாள். அவள் கழுத்திலிருந்து நான் பேசினேன்.

"பசி. வடை. பொ. பொ."

விசில் பறந்தது.  தவில் இல்லாமல், பாட்டு இல்லாமல், என் குரலை அப்போதுதான் நேராகக் கேட்கிறேன். என் குரல்தான், சந்தேகமில்லை. ஆனால் நான் ஒரு சொல்லை அப்படி முடிக்க மாட்டேன். நான் ஒரு சொல்லை எடுத்தால் அதைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுத்தான் நகர்வேன். இதில் யாரோ பாதியில் கத்திரி போட்டிருந்தார்கள்.

"டேய் கௌசிக், இங்க வா. ஸ்டூடியோவுல நான் வடைன்னு ஒரு வார்த்தை பேசவே இல்லையே!"

"பேசியிருப்பீங்க மேடம். அவ்வளவு வார்த்தை பேசினோமே."

"அன்னிக்குக் கேன்டீன் மூடியிருந்தது. பட்டினியோட நின்னவ வாயில வடைன்னு ஒரு சொல் வந்திருந்தா ஏழு ஜென்மத்துக்கும் மறந்திருக்க மாட்டேன். வடை இல்லை. வாடைதான் இருந்தது. மூக்கைச் சுளிச்சுச் சொல்லச் சொன்னியே!"

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு சொன்னான், சாதாரணமாக, பஸ் எப்போது வரும் என்று சொல்கிற மாதிரி: "ஓ, அது சேவிங் மோட் மேடம். பட்டையில சோலார் இருக்குல்ல, சேறு அப்பிடுச்சுன்னா சார்ஜ் ஏறாது. அப்ப வார்த்தையில இழுக்கிற இடத்தை மட்டும் பாதியாக் கட் பண்ணிடும். முகாம்ல டெஸ்ட் பண்ணப்போ சேறு இல்லையா, அதனால இது நடக்கலை. வார்த்தை அதேதானே மேடம்? இழுத்தாலும் இழுக்காட்டியும் ஒண்ணுதானே?"

நான் அந்த இடத்தில் அவனை அறையவில்லை. அதற்காக எனக்கு ஒரு விருது கொடுக்கலாம்.

"ஒண்ணாடா? அப்போ உன் தாடியும் தடியும் ஒண்ணா? பாட்டும் பட்டும் ஒண்ணா? நெடிலை வெட்டினா அது வேற சொல்லுடா பாவி!" கத்தினேன். "இப்ப வெட்டினதை ஒட்டிப் பார்ப்போம். வடைன்னா வாடை. பசின்னா..."

 அந்தச் சொல்லையும் நான் பேசியிருந்தேன். முகாம் யானைகள் குடிக்கிற தொட்டியில் அது பிடிக்கும் என்று கௌசிக் சொல்லித்தான் பேசினேன்.

"பாசி," என்றேன்.

ஜெசிந்தா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தண்ணீரைப் பார்த்தாள். கரையோரத்தில் பச்சைப் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி ஒரு படலம் கிடந்தது. அவள் ஓடிப்போய் ஒரு குச்சியால் கிளறி மோந்து பார்த்தாள்.

"சார், இது எப்பலேர்ந்து இருக்கு?"

"கோடையில தண்ணி பச்சையாகுறது வழக்கந்தானுங்களே டாக்டரம்மா?"

"இது அந்தப் பச்சை இல்லை. நீலப்பச்சைப் பாசி. மேலத் தோட்டங்கள்ல போடுற உரமெல்லாம் இங்க வந்து தேங்குது. வெயில் சுட்டதும் பொங்கிடும். இதோட விஷம் ஈரலையும் நரம்பையும் அடிக்கும். கால் தள்ளாடும், வட்டம் சுத்தும்... ஐயோ, நான் பூச்சிமருந்தைத் தேடிட்டிருந்தேனே! ஆனா யானைங்க மலை மேல சுனைக் குட்டையில தானே குடிக்கும்? ஏன் இங்க வந்து குடிக்குதுங்க?"

 எல்லாரும் கூடைகளைப் பார்த்தோம். உப்பும் மிளகும் போட்ட வடையை வயிறு முட்டத் தின்றால் தாகம் எடுக்காதா? எதிரே கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்.

"பசி. வடை. பொ. பொ," என்றாள் மூக்காயி. அவள் எங்களைப் பார்த்துத்தான் சொன்னாள். கயிற்றுக்குப் பின்னால் இடுப்பில் குடத்தோடு நின்ற பெண்களைப் பார்த்துச் சொன்னாள்.

"பொங்கல் இல்லை," என்றேன். "போ. பாசி, வாடை, போ. அவ எதையும் கேட்கலை. நம்மளைத்தான் தண்ணிகிட்டேருந்து போகச் சொல்றா."

துரைக்கண்ணுவின் தொப்பி கீழே விழுந்தது. "எங்க வீட்டுக் குழாய்ல இந்தத் தண்ணிதானுங்க வருது," என்றார்.

அதற்குள் குட்டி தண்ணீரை நோக்கித் தள்ளாடி நடந்தது. மூக்காயி துதிக்கையால் அதை இழுத்தாள். அது திமிறியது. மற்ற யானைகள் கூடைகளை நோக்கி வர ஆரம்பித்தன. பட்டாசு போட்டு விரட்டலாம் என்றார் துரைக்கண்ணு. விரட்டினால் கூட்டத்துக்குள் பாயும் என்றாள் ஜெசிந்தா. எனக்கு அப்போது ஒன்றுதான் தோன்றியது, அதுவும் பந்தியில் பரிமாறுகிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய புத்தி.

"சோறு எங்க இருக்கோ அங்கதானே பந்தி? வடையை அந்தச் சுனைக் குட்டைக்குக் கொண்டு போவோம்!"

"மறுபடியும் உப்பு வடையா?" என்றாள் ஜெசிந்தா.

"போய்ச் சேர்ற இடத்துல நல்ல தண்ணி இருக்குல்ல? குடிக்கட்டுமே!"

அவள் ஒரு நொடி என்னை முறைத்தாள். பிறகு ஒரு கூடையின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

நான் மைக்கைப் பிடுங்கினேன். அசரீரிக் குரலை எடுத்தேன். "தாய்மார்களே, பெரியோர்களே, இந்தத் தண்ணீரில் விஷம். குடத்தைக் கவிழ்த்துவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, சத்தம் போடாமல் மேட்டுக்குப் போங்கள்!" தெய்வம் சொன்னதாகவே நினைத்து ஜனங்கள் நகர்ந்தார்கள். சிலர் கும்பிட்டபடியே போனார்கள்.

அடுத்து நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. துரைக்கண்ணு ஜீப்பை ஓட்டினார். பின்னால் திறந்த பகுதியில் கூடைகளுக்கு நடுவே நானும் ஜெசிந்தாவும் கௌசிக்கும். கரையோரமாகவே ஏறும் மலைப்பாதையில் ஜீப் குதிக்க, நாங்கள் வடையை வீச, பின்னால் ஒரு காடே நடந்து வந்தது. என் பட்டுப்புடவை எண்ணெயில் ஊறிவிட்டது. கௌசிக் பயத்தில் ஒரு வடையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தான்.

"வீசுடா, தின்னாதே!"

"மேடம், அவ வரலை!" என்றான்.

மூக்காயி கரையிலேயே நின்றாள். குட்டி தண்ணீரை விட்டு வர மறுத்தது. ஜெசிந்தா ஜீப்பை நிறுத்தச் சொன்னாள். நான் ஒரு வடையை எடுத்துக் குறி பார்க்காமல் எறிந்தேன். அது போய்க் குட்டியின் நெற்றியில் பட்டு விழுந்தது. குட்டி அதைத் துழாவி எடுத்தது. இன்னொன்று எறிந்தேன். அது தண்ணீருக்கு முதுகைக் காட்டித் திரும்பி எங்களை நோக்கி வந்தது. பின்னாலேயே மூக்காயி வந்தாள். வழியில் கிடந்த ஒரு வடையைத் துதிக்கையால் தொட்டாள், மோந்தாள், ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு வாயில் போட்டுக்கொண்டாள்.

நாங்கள் நால்வரும் ஒரே நேரத்தில் கத்தினோம், கிரிக்கெட்டில் ஜெயித்த மாதிரி.

சுனைக் குட்டையில் கூட்டம் முழுக்க நல்ல தண்ணீர் குடித்தது. குட்டிக்கு மயக்க ஊசி போட்டு, கரி கரைத்த மருந்தைக் குழாய் வழியாக ஊற்றினாள் ஜெசிந்தா. பொழுது சாய்வதற்குள் அது எழுந்து நின்று அவளையே ஒரு தள்ளு தள்ளியது. அவள் சேற்றில் உட்கார்ந்தபடி அழுதுகொண்டே சிரித்தாள். அணைத் தண்ணீரைக் குழாயில் விடுவதை அன்றே நிறுத்தினார்கள். ஊரில் வயிற்றுவலி என்று படுத்திருந்தவர்களை எல்லாம் தேடிப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். உரம் அணைக்கு வருவதைத் தடுக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள். அந்தக் குழு இன்னும் வடை டெண்டர் அளவுக்கு வேகம் பிடிக்கவில்லை.

பட்டையை மாற்றிவிட்டான் கௌசிக். இப்போது சார்ஜ் குறைந்தால் அது வாயை மூடிக்கொள்கிறது. பேசினால் முழுசாகப் பேசுகிறது. அவன் தினமும் என் வீட்டுக்கு வந்து தமிழ் எழுதிப் பழகுகிறான். பசி, பாசி. படு, பாடு. கை வலிக்கிறதாம்.

போன வாரம் மறுபடி ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டான். "மேடம், புதுசா ரெண்டு உறுமல். ரெண்டுக்கும் எங்ககிட்ட வார்த்தை இல்லை."

முதலாவதை, நம் காதுக்கு எட்டும்படி மாற்றிப் போட்டுக் காட்டினான். மூத்த மகள் விழுந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் மூக்காயி நின்று சொல்வது. நீளமானது, மூச்சு முடிகிற வரை போவது. கேட்டேன். எத்தனை கதாநாயகிகளுக்கு எத்தனை விதமாக அழுதிருக்கிறேன், அதில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. கூலி இல்லாமல் அழுதேன்.

"இதுக்குச் சொல் வேண்டாம்டா. வெட்டாம அப்படியே விடு."

அவன் தலையாட்டினான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு இரண்டாவதைப் போட்டான். குட்டியாக, வெடுக்கென்று ஒரு உறுமல்.

"இது எப்போ வருது?"

"துரைக்கண்ணு சார் காலையில டிபன் பார்சலோட ஜீப்ல போறப்போ மட்டும். ஓட்டைப் பாலத்துக்கிட்ட வழி மறிச்சு நின்னு சொல்றா. இட்லி மட்டும் இருந்தா சொல்றதில்லை."

நான் சிரித்த சிரிப்பில் ஒலி அளவு காட்டும் முள் எகிறியது. ஜெசிந்தா ஒன்றுகூடக் கொடுக்க விடமாட்டாள், அது வேறு விஷயம். கேட்க மூக்காயிக்கு உரிமை உண்டு.

மைக்கின் முன் நின்று தொண்டையைச் செருமினேன். கௌசிக் கையைத் தூக்கினான்.

"மேடம், இதுல இழுக்கக் கூடாதுல்ல? 'வ' குறில், 'டை'யும் குறில்."

"'டை' நெடில்டா."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "அப்போ இழுக்கணுமா?"

"வேண்டாம். ஐ கடைசியில வந்தா தானாவே குறுகிடும். ஐகாரக் குறுக்கம்னு பேரு. பேட்டரி சேமிக்கத் தமிழ் எப்பவோ வழி பண்ணிடுச்சு. உன்னைக் கேட்காமலே."

"பிரெஞ்சே தேவலை மேடம்," என்றான் அவன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. யானை என்ன கேட்டதோ அதை, அவள் கேட்ட அளவிலேயே சொன்னேன்.

"வடை."